கச்சேரிக்கு நடுவில் அத்தை பேசியது

மாவு மில்லுக்குக் கூரைத் தகடு மாற்றினோம். அதற்காகப் பரணை ஒழித்தோம். பரணில் என் சீர்ச் சாமான்கள் இருந்தன. கல்யாணமாகி வந்த வாரம் ஏற்றியவை. எங்கள் பக்கம் சீர்ப் பாத்திரத்தைப் புழங்க மாட்டார்கள். பரணில் ஏற்றி வைத்து, மகள் கல்யாணத்துக்கு இறக்கி, அவள் வீட்டுப் பரணில் ஏற்றுவார்கள். எனக்கு இரண்டும் பையன்கள். பாத்திரங்கள் நகரவில்லை.

ஒரு எவர்சில்வர் தூக்குக்கு மூடி இறுகிக் கிடந்தது. கூரை வேலைக்கு வந்தவர் அதைக் குலுக்கிப் பார்த்தார்.

“உள்ள என்னமோ கெடக்கு ஆத்தா. நகையா இருக்கப்போவுது.”

மற்ற ஆட்களும் ஏணியை விட்டு இறங்கி வந்து நின்றார்கள். சுத்தியலால் நாலு தட்டுத் தட்டித் திறந்தார். உள்ளே ஒரு கேசட். பழைய வேட்டித் துணியில் சுற்றியிருந்தது. எல்லோரும் மறுபடி ஏணியில் ஏறிக்கொண்டார்கள்.

கேசட் மேல் அண்ணன் கையெழுத்து, இங்கிலீஷில். நான் எட்டாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டிப் பார்த்ததில் கடைசி வார்த்தை மட்டும் பிடிபட்டது. ‘லைவ்.’ மீதியை வாசிக்கத் தேவையில்லை. அது எந்தக் கேசட் என்று எங்கள் குடும்பத்தில் தெரியாதவர் கிடையாது.

அதைத் தூக்கி எறிந்தது அப்பாதான் என்று அண்ணன் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா இல்லை இல்லை என்று சொல்லிப் பார்த்தார். பிறகு சொல்வதை விட்டார். பிறகு செத்தும் போனார். கேசட்டைச் சுற்றியிருந்த துணியில் நாலு மூலையும் இரட்டை முடிச்சு. அப்படி முடிச்சுப் போடுவது அம்மா. அப்பா பேச்சு வாங்கிய நாளெல்லாம் அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவளும் இப்போது இல்லை. யாரிடம் கேட்பது?

மகன் போடுகிற சத்தம் தாங்காமல் என்னோடு கட்டி அனுப்பிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். அண்ணனுக்குப் போன் போட்டேன்.

“அண்ணே, ஒங்க கேசட்டு இருக்கு.”

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது.

“எந்தக் கேசட்டு?”

“அதுதான்.”

“எங்குட்டு இருந்துச்சு?”

“தூக்குக்குள்ள.”

“எந்தத் தூக்கு? சரி, இருக்கட்டும். வெயில் படாம வை. மெஷின்கிட்ட வைக்காத. மாவு படப்போவுது, கைய நல்லாத் தொடச்சுக்க. நான் வாரேன்.”

போன வருஷம் எனக்குக் கால் முறிந்தபோது அண்ணன் மூன்றாம் நாள் வந்தார். காரைக்குடியிலிருந்து கோட்டையூர் எவ்வளவு தூரம், டவுன் பஸ் போகிற தூரம்தான். கேசட்டுக்கு அரை மணி நேரத்தில் வந்துவிட்டார்.

அந்தக் கேசட் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும்.

நாங்கள் பிறந்தது நாச்சியாபுரம். அண்ணன் காலேஜில் படித்த காலத்தில் ஹாஸ்டல் சிநேகிதன் ஒருவன் இந்த ராக் பாட்டைக் காதில் ஏற்றிவிட்டான். அதற்குப் பிறகு வேறு எதுவும் ஏறவில்லை. சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த ரேடியோ ஒன்றும் டேப் ரிக்கார்டர் ஒன்றும் வீட்டில் இருந்தன. இரண்டையும் சேர்க்கிற ஒயர் இல்லை. அதனால் ரேடியோவை ஸ்டூலில் வைத்து, அதன் முன்னால் ரிக்கார்டரை வைத்து, அதிலிருக்கிற மைக்கில் பிடிப்பார். ரேடியோவில் பாடுவதும் விழும். வீட்டில் விழுகிற கரண்டியும் விழும்.

ஆகவே பதிகிற நேரம் வீட்டில் யாரும் வாய் திறக்கக்கூடாது. கோழியைக் கூடையில் போட்டு மூடி, மேலே ஈரச் சாக்குப் போட வேண்டும். கிணற்று ராட்டினத்தைக் கட்டிவிட வேண்டும். சுவர்க் கடிகாரத்தின் நாக்கைப் பிடித்து நிறுத்திவிடுவார். முடிந்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஓட விடுவார். அப்பாவுக்கு இருமல் உண்டு. அவரைக் கண்மாய்க் கரைக்கு அனுப்பிவிடுவார்.

“வீடு ஆரோடதுடா?” என்று அப்பா கேட்பார்.

“ஒங்களோடதுதான். ஒரு மணி நேரம் கழிச்சு வாங்க.”

அப்பா துண்டை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, சிற்றலையில் ஒரு வெளிநாட்டு நிலையம் ஒரு கச்சேரியை முழுதாகப் போடப்போவதாக முந்தின வாரமே சொல்லியிருந்ததாம். எங்கேயோ மைதானத்தில் ஜனங்கள் முன்னால் பாடியது. மூன்று மணிக்கு. அண்ணன் வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. அதே ஞாயிற்றுக்கிழமைதான் என்னைப் பெண் பார்க்க வருவதாகவும் இருந்தது. ஞாயிறு ராகு காலம் நாலரையிலிருந்து ஆறு. ஆறு மணிக்கு மேல் வருகிறோம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மூன்று மணிக் கச்சேரிக்கும் ஆறு மணி மாப்பிள்ளைக்கும் தகராறு இல்லை என்று எல்லோரும் நினைத்தோம்.

மூன்றே காலுக்கு வந்து நின்றார்கள்.

ஆறு மணிக்கு மேல் பார்த்தால் திரும்ப பஸ் கிடைக்காது, ராகு காலத்துக்கு முன்னாலேயே முடித்துவிடலாம் என்று மாமியார் மாற்றிக்கொண்டாராம். சொல்லி அனுப்ப நேரமில்லை. மூன்று பேராகப் போகக்கூடாது என்று தாய்மாமனைப் பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார வைத்துவிட்டு, அம்மாவும் மகனுமாக வந்திருந்தார்கள். மாமனார் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மில்லை விட்டு வர முடியாது.

வாசலுக்குப் போன அண்ணன், வருங்கால மாமியார் முகத்துக்கு நேரே உதட்டில் விரலை வைத்தார். அம்மா கையைக் கூப்பி, கையாலேயே வாங்க என்று சொல்லி, பாயை விரித்து, கையாலேயே உட்காரச் சொன்னாள். என் பக்கம் திரும்பிக் கட்டை விரலை உதட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினாள். தண்ணீர் கொண்டுவந்தேன். சுண்டு விரலால் இன்னொன்று காட்டினாள். காப்பி போடப் போனேன். டம்ளர் மேல் டம்ளர் படாமல் காப்பி போடுவது எப்படி என்று அன்று நான் கற்றுக்கொண்டேன்.

ரேடியோ மட்டும் அலறிக்கொண்டிருந்தது. மாமியார் போய் உட்கார்ந்தது ஸ்டூலை ஒட்டி. அங்கேதான் காற்று வரும். அவர் வாய்க்கும் ரிக்கார்டர் மைக்குக்கும் ஒரு முழம் இருக்கும். அண்ணன் எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, வயிற்றுவலிக்காரர் போல முகத்தை வைத்திருந்தார். தள்ளி உட்காருங்கள் என்று சொல்வதற்கும் வாய் திறக்க வேண்டுமே.

காப்பி வைத்தேன். கும்பிட்டேன். கூடத்து ஓரமாக நின்றேன். மாமியார் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், மகன் காதில் என்னவோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பையிலிருந்து பூவை எடுத்து, எழுந்து வந்து என் தலையில் வைத்துவிட்டார்.

எங்கள் பக்கம் இதைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பெண் பார்க்க வருகிறவர்கள் பார்த்துவிட்டு, போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். பத்து நாள் போகும். பேச்சு நடக்கும். அதற்குப் பிறகுதான் பூ. பூ வைத்துவிட்டால் முடிந்தது. பிறகு யாரும் பின்வாங்க முடியாது. வாங்கினால் அந்தக் குடும்பத்தில் அடுத்த பெண் கேட்க ஒரு வாசலும் ஏற முடியாது. அம்மா அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் ரிக்கார்டரைப் பார்த்தார். அம்மா தலையை ஆட்டினாள். எங்கள் தரப்பில் ஒரு வார்த்தை பேசாமல் என் கல்யாணம் நிச்சயமானது.

டக்கென்று ரிக்கார்டர் பட்டன் எழும்பியது. ஒரு பக்கம் முடிந்துவிட்டது.

“இனிப் பேசலாம்” என்றார் அண்ணன்.

நான்தான் முதலில் பேசினேன். “காப்பி ஆறிருச்சே அத்தை. மாத்திக் கொண்டாரவா?”

மாமியார் திடுக்கிட்டுப் போனார். பட்டன் சத்தத்துக்கு என்று நினைத்தேன்.

அப்புறம் அம்மா பேச ஆரம்பித்தாள். முக்கால் மணி நேரம் அடக்கி வைத்த பேச்சு. அண்ணன் கேசட்டைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார்; அம்மா நிறுத்துவதாக இல்லை. மீதிக் கச்சேரி பதியாமல் போனது. அப்பா கண்மாயிலிருந்து வரும்போது நான் பூவோடு நின்றேன். “என்னத்தா, ஆரு வந்தாக?” என்று கேட்டார்.

அன்று சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. மறுநாள் காலையில் கேசட்டைக் காணவில்லை. அண்ணன் பதிந்ததை அண்ணன் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

காரைக்குடியில் ஒரு கடை இருக்கிறது. கல்யாண வீடியோ கேசட்டுகளைப் பென் டிரைவில் ஏற்றித் தருவார்கள். அண்ணன் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். தனியாகப் போகப் பயந்தார் என்று நினைக்கிறேன். போகிற வழியெல்லாம் அந்தக் கச்சேரியைப் பற்றித்தான். அன்றைக்கு அந்தக் குழு ஒரு பாட்டுப் பாடியதாம். அதற்கு முன்னால் பாடியதில்லை, பின்னாலும் பாடவில்லை. ரேடியோ நிலையத்திலேயே அந்த நாடா அழிந்துவிட்டதாம். அவர் போனில் ஒரு கூட்டம் வைத்திருக்கிறார், உலகம் பூராவும் ஆள். எல்லோரும் இதைத் தேடுகிறார்கள்.

“ஒன் சீர்த் தூக்குல இருந்திருக்கு” என்றார்.

“பெருசாத்தான் குடுத்து விட்டிருக்கீக” என்றேன்.

கடைக்காரர் நாடாவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். ஒரு தடவை ஓடும், அதற்கு மேல் உத்தரவாதம் இல்லை என்றார். ஓட விட்டார். கரகரவென்று காற்று. பிறகு ஜனங்கள் கத்துகிற சத்தம். பிறகு கிட்டார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். ரிட்டையர் ஆன மனுஷன், கைவிரலால் கடை மேஜையில் தாளம் போட்டார். எனக்கு அது பெல்ட் நழுவின மெஷின் போலத்தான் இருந்தது. நன்றாக இல்லை என்று சொல்லவில்லை. கேட்டுப் பழகிய சத்தம் என்கிறேன்.

அரை மணி நேரம் போல ஓடியிருக்கும். அண்ணன் என் கையைப் பிடித்தார். “இதுதான். இந்தப் பாட்டுத்தான்.”

அப்போது மாமியார் பேசினார்.

கச்சேரி ஏதோ கண்காணாத மைதானத்தில் நடக்கிறது. மாமியார் காதோரத்தில் பேசுகிறார். செத்து எட்டு வருஷம். கடைக்குள் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

“ஆத்தாக்காரி கையாலயே பேசுறா பாத்தியா? புள்ளைக்கு வாய் வராது போலடா. மறச்சுட்டாக. ரேடியோவ அலற விட்டிருக்கது அதுக்குத்தான்.”

கிட்டார் கொஞ்ச நேரம்.

“வராட்டி என்ன? மூத்த மருமக வாயிலதான நம்ம மில்லு ரெண்டாப் பிரிஞ்சுச்சு. நம்ம மெஷின் சத்தத்துல பேசித்தான் ஆருக்குக் கேக்கப்போவுது? இவளே போதும்டா. நீ என்ன சொல்றே?”

ஒரு ஆண் குரல், “எம்மா...” என்று தொடங்கியது. என் வீட்டுக்காரர் குரல். இளவயசுக் குரல். அந்த நிமிஷத்தில் பாட்டுக்காரன் ஒரு கத்துக் கத்தினான். மைதானம் முழுக்க அவனோடு சேர்ந்து கத்தியது. அடங்கும்போது பேச்சு முடிந்திருந்தது. பிறகு வளையல் சத்தம். அது பூ வைத்தது.

கடைக்காரர் சிரித்துவிட்டார். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அண்ணன் தலையில் கை வைத்தார். “கெடுத்துட்டாகளே! வேற பாட்டே இல்லையா பேச? இந்தப் பாட்டுலயா பேசணும்?”

“அண்ணே, என்னய ஊமைன்னு நெனச்சுக் கட்டியிருக்காக.”

“அது கெடக்கு புள்ள. இந்தப் பாட்டு ஒலகத்துலயே வேற எங்குட்டும் இல்ல.”

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். அம்மா அன்றைக்கு மாமியாருக்கு இரண்டு கை தள்ளித்தான் உட்கார்ந்திருந்தாள். அம்மாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். சத்தம் பிடிக்காமல் அவள் கேசட்டை மூடி வைக்கவில்லை. அதற்காக அப்பாவைப் பேச்சு வாங்க விட்டது அதிகம்தான்.

மாமியார் நினைத்தது எனக்குப் பெரிதாக இல்லை. இன்னும் சொன்னால், நிறைய விஷயம் விளங்கியது. வந்த புதிதில் நான் வாய் திறந்தால் அவர் ஒரு மாதிரி பார்ப்பார். ஒன்று கேட்டு வேறொன்றை எடைபோட்டு வாங்கி வந்தவர் பார்க்கிற பார்வை. திட்ட மாட்டார். பார்ப்பார், அவ்வளவுதான். ஒரு மாதத்தில் நான் பேச்சைக் குறைத்துக்கொண்டேன். மில்லில் யாரும் பேச முடியாது. கோதுமைக்கு ஒரு கை, கேப்பைக்கு ஒரு கை, கல்லை இறுக்கு என்பதற்கு ஒன்று, போதும் என்பதற்கு ஒன்று. அந்தக் கைப் பாஷையை மாமியார்தான் சொல்லிக் கொடுத்தார். எனக்கு அது சீக்கிரம் வந்தது. அப்போது மட்டும் அவருக்கு முகம் மலரும். கெட்டிக்காரி என்று மெச்சுகிறார் என்று இருந்தேன்.

ஆனால் இவர், என் வீட்டுக்காரர், என்ன சொன்னார்? அதுதான் கேள்வி. ஊமை என்று நம்பி, சரி, இருந்துவிட்டுப் போகட்டும், சத்தமில்லாத பெண்டாட்டி என்று சொன்னாரா? இல்லை, ஊமைப் பெண் வேண்டாம் என்று சொல்லி, அவர் அம்மா கேட்காமல் பூ வைத்தாரா? முதலாவது என்றால் நான் மெஷினுக்கு ஒரு உதிரிச் சாமான். இரண்டாவது என்றால் நான் வேண்டாத பெண்டாட்டி. முப்பத்தெட்டு வருஷம் கூட இருந்துவிட்டு, இரண்டில் எது என்று தெரியாமல் செத்துப்போக எனக்கு இஷ்டமில்லை.

வீட்டுக்கு வந்து கேட்டேன். இவருக்கு மெஷின் சத்தத்தில் வலது காது போய்விட்டது. இடது காது பாதி. இடது பக்கமாக உட்கார்ந்து கேட்டேன்.

“என்னயப் பொண்ணு பாக்க வந்தன்னைக்கு, பூ வைக்கிறதுக்கு முன்னால ஒங்கம்மாகிட்ட என்ன சொன்னீக?”

“என்னைக்கு?”

“பொண்ணு பாக்க வந்தன்னைக்கு.”

“ஆரு வந்தா?”

“நீங்கதான்.”

“அதுவா. என்னத்தையாச்சும் சொல்லியிருப்பேன்.” சோற்றைப் பிசைந்தார். “மோரு இருக்கா?”

மோர் ஊற்றினேன். மறுநாள் கோதுமை அரைக்கிற மெஷினில் மல்லியைக் கொட்டிவிட்டேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. அன்று கோதுமை கொண்டுவந்தவர்கள் வீட்டிலெல்லாம் சப்பாத்தி மல்லி வாசம் அடித்திருக்கும். இவர் என்னைப் பார்த்தார். என்ன என்று கையால் கேட்டார். ஒன்றுமில்லை என்று கையைக் காட்டினேன்.

நானாகக் காரைக்குடிக்கு ஒரு நடை போனேன். கடையில் அண்ணன் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அவருக்கு மாமியார் பேச்சை எடுத்துவிட்டுப் பாட்டு வேண்டும். எனக்குப் பாட்டை எடுத்துவிட்டுப் பேச்சு வேண்டும். இப்போது கம்ப்யூட்டரில் அதெல்லாம் பிரித்துவிடலாம் என்றார் கடைக்காரர். இரண்டு மணி நேரம் உட்கார்ந்தார். அண்ணனுக்குக் கொடுத்ததில் மாமியார் பேச்சோடு பாட்டுக்காரன் குரலும் போய்விட்டது. கிட்டாரும் கொட்டும் மட்டும் ஓடியது. எனக்குக் கொடுத்ததில் கொட்டும் கிட்டாரும் போய், பாட்டுக்காரன் கத்துவது இன்னும் பளிச்சென்று கேட்டது.

“ரெண்டும் மனுசக் கொரலும்மா” என்றார் கடைக்காரர். “மெஷினுக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஒங்க வீட்டுக்காரரையும் அந்த வெள்ளக்காரரையும் பிரிக்க முடியல.”

அண்ணன் என்னைப் பார்த்தார். “ஆளுக்கு ஒரு கேடு” என்றார். அன்றைக்குத்தான் இரண்டு பேரும் ஒரு டீ குடித்தோம். அப்பாவைப் பற்றி நான் எடுக்கவில்லை. அவராகத்தான், “அவரு சொன்னத நம்பியிருக்கலாம்” என்றார். டீயைப் பாதியில் வைத்துவிட்டார்.

மறுநாள் மில்லில் நாலு பேர் அரைக்க உட்கார்ந்திருந்தார்கள். பச்சரிசி ஓடிக்கொண்டிருந்தது. நான் போனில் அந்த இடத்தை வைத்து, இயர்போனை இவர் இடது காதில் செருகினேன். இவர் என்ன என்று கையைக் காட்டினார். கேளுங்கள் என்று காட்டினேன்.

கேட்டார். கை தன்னால் அரிசிக் கூடையை விட்டது. இவர் தன் அம்மா குரலைக் கேட்டு எட்டு வருஷம். அதற்கு முன்னாலும் கடைசியாய் எப்போது சரியாகக் கேட்டதோ. மறுபடி போடச் சொன்னார். போட்டேன். மூன்றாம் தடவையும் போடச் சொன்னார்.

காது கேட்காதவர்களுக்குத் தங்கள் சத்தம் தெரியாது. மெஷினுக்கு மேல் கத்தினார்.

“எங்கம்மா!”

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

“ஒன்ன ஊமைங்குது!”

இது கையில் கேட்கிற கேள்வி இல்லை. நானும் கத்தினேன். “நீங்க என்ன சொன்னீக?”

“என்ன?”

“அதுக்கு நீங்க என்ன சொன்னீகன்னு கேக்குறேன்!”

“பூவ வைம்மான்னு சொன்னேன்!”

“ஊமைன்னு நெனச்சா?”

“நீ ஊமை இல்லேன்னு எனக்குத்தான் தெரியுமே!”

அரைக்க வந்திருந்த நாலு பேரும் பையை மடியில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்தார்கள். அதில் வயசான ஒரு அம்மா, “ஏ ஆத்தி, இப்பத்தான் பொண்ணு பாக்குறாக போல” என்றது.

இவருக்கு அது கேட்கவில்லை. இவர் பாட்டுக்குக் கத்திக்கொண்டே போனார். பெண் பார்க்க வருவதற்கு முன்னால் ஒரு தடவை, கோட்டையூரில் என் பெரியம்மா வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தபோது நான் இந்த மில்லுக்கு அரிசி கொண்டு வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் ஒரு ஆள் வரிசையை மீறிக் கூடையை வைத்திருக்கிறான். நான் சத்தம் போட்டிருக்கிறேன். எனக்கு இது ஞாபகத்தில் இல்லை.

“மெஷினு ஓடிக்கிட்டிருக்கு! அதத் தாண்டி ஒஞ் சத்தம்! எங்கப்பா பயந்துபோயி மெஷின நிறுத்திட்டாரு! அந்தாளு கூடையத் தூக்கிக்கிட்டு ஓடுறான்! அன்னைக்கு முடிவு பண்ணுனதுதான். ஒங்க பெரியம்மாகிட்ட ஆள விட்டதே நான்தான்.”

“அப்ப ஒங்கம்மாகிட்ட சொல்ல வேண்டியதுதான?”

“சொன்னா கட்ட விட்டுருமா? வாய் இருக்க பொண்ணே வேண்டாம்னு ஒத்தக் கால்ல நின்னுச்சு. ஏழு பொண்ணத் தள்ளிருச்சு. அதுவாத்தான் ஊமைன்னு நெனச்சுக்கிச்சு. நான் ஏன் கெடுப்பேன்?”

அந்த வயசான அம்மா சிரித்தது. “கேடி!” என்றது.

மாவு பை நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. நான்தான் போய் அடுத்த பையை வைத்தேன். திரும்பி வரும்போது இவர் கொஞ்சம் மெதுவாகச் சொன்னார். மெதுவாக என்றால், தெருவுக்குக் கேட்காத அளவு.

“பேசுவேன்னு நெனச்சுத்தான் கட்டுனேன். ஒரு மாசத்துல வாயப் பூட்டிட்ட. எங்கம்மா கேட்டது எங்கம்மாவுக்குக் கெடச்சுது.”

முகத்தில் மாவு. துடைத்துக்கொண்டேன். “அரிசி தீந்துருச்சு, அடுத்ததக் கொட்டுங்க” என்றேன். கொட்டினார்.

அன்று சாயங்காலம் அண்ணனுக்குப் போன் போட்டேன். அவர் அந்தப் பேச்சு வருகிற இடத்தை மட்டும் வெட்டிவிட்டுக் கூட்டத்துக்கு அனுப்ப இருந்தார். பாட்டு நடுவில் ஓட்டை இருந்தாலும் பரவாயில்லை, மாமியார் வேண்டாம் என்றார்.

“வெட்டாதீக அண்ணே. அப்படியே அனுப்புங்க.”

“ஒங்க குடும்பப் பேச்ச ஒலகம் கேக்கணுமா?”

“அவுகளுக்குத் தமிழ் தெரியாது. தெரிஞ்சவுக இருந்தாக் கேட்டுட்டுப் போகட்டும்.”

நான் அவரிடம் ஒன்றை வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அப்படியே அனுப்பினார். கூட்டத்தில் கொண்டாடினார்களாம். ஒருவர் மட்டும், நடுவில் ஒரு அம்மா பாடுவது அருமை, அவர் யார் என்று கேட்டிருந்தாராம். என்ன எழுத என்று அண்ணன் என்னைக் கேட்டார். எங்கள் மாமியார் என்று எழுதச் சொன்னேன்.

இவர் அப்படிச் சொன்ன பிறகு நான் பேசாமல் இருப்பது சரியாகப் படவில்லை. பேசுவேன் என்று நம்பி ஒரு மனுஷன் இவ்வளவு வருஷம் காத்திருந்திருக்கிறார். மறுநாள் காலை மில் திறப்பதற்கு முன்னால் இவர் இடது பக்கம் உட்கார்ந்து ஆரம்பித்தேன். கூரைத் தகட்டைச் சரிவு இல்லாமல் போட்டிருக்கிறார்கள், மழை பெய்தால் மோட்டார் மேல்தான் ஒழுகும் என்றேன். கேட்டுக்கொண்டார். அடுத்த நாள் பெல்ட் விஷயம். அதற்கு அடுத்த நாள் மூத்த மகன் கல்யாணத்தில் இவர் அண்ணன் பெண்டாட்டி என்ன சொன்னாள் என்பது. பிறகு என் முதல் தீபாவளி. இவர் எனக்கு எடுத்த சேலை என்ன நிறம், நான் கேட்டது என்ன நிறம். பிறகு என் பிரசவத்துக்கு இவர் வராமல் எண்ணெய்ச் செக்கு பார்க்கப் போனது. பேசப் பேச வந்துகொண்டே இருந்தது. எனக்கே தெரியாது உள்ளே இவ்வளவு கிடக்கிறது என்று. சத்தமும் தானாக ஏறியது. இவருக்குக் கேட்க வேண்டுமே.

ஏழு நாள் பேசினேன். எட்டாம் நாள் காலையில், ஒன்பது மணிக்குப் போடுகிற மெஷினை இவர் எட்டரைக்கே போட்டார். அரைக்க யாரும் வந்திருக்கவில்லை.